தலைமாட்டில் ஒரு துவக்கு

குடும்ப மறைக்கல்வி: ஐந்தாம் கட்டளை



நள்ளிரவு. நாய் விடாமற் குரைக்கிறது. படலைப் பக்கமாக ஏதோ அரவம் கேட்கிறது. வீட்டுத் தலைவன் திடுக்கிட்டு விழித்து எழுகிறான். பக்கத்தில் மனைவி, அடுத்த அறையில் பிள்ளைகள், முன்னறையில் வயது சென்ற தாய். அந்த வேளையில், "கையருகே ஒரு துவக்கு இருந்தால் இந்தப் பயம் இராதே!" என்று அவன் எண்ணுவது இயல்பே.

இந்த எண்ணத்தை நாம் எள்ளி நகையாடக் கூடாது. பிள்ளைகள் வெளிநாடு சென்றுவிட, முதிய பெற்றோர் பெரிய வீடுகளில் தனித்திருக்கும் ஊர்கள் நம்மிடையே பல. அவர்களுடைய பயம் கற்பனையன்று. அமெரிக்காவிற் குடியேறிய நம் உறவினருக்கோ இது இன்னும் கிட்டிய கேள்வி. அங்கே சட்டமே வழிவிடுகிறது, கடையிற் சென்று வாங்கலாம், அயல்வீட்டுக்காரர் வைத்திருக்கிறார். "நாமும் ஒன்றை வாங்கிக் கட்டிலருகே லாச்சியில் வைத்தால் என்ன?" என்று கணவனும் மனைவியும் பேசிக்கொள்வது இயல்பு.

ஒரு கத்தோலிக்கக் குடும்பம் இதனை எவ்வாறு தீர்மானிக்க வேண்டும்? வேதாகமம் கூறுவது என்ன? திருச்சபை போதிப்பது என்ன? இவ்வாறு ஆயுதம் வைத்த வீடுகளில் உண்மையில் நடந்தது என்ன? இம்மூன்றையும் ஒன்றன்பின் ஒன்றாக ஆராய்வோம்.

தற்காப்பு பாவமா?

முதலில் இதனைத் தெளிவாகக் கூறிவிடுவோம். தன் உயிரையும் தன்னை நம்பியிருப்போரின் உயிரையும் அநியாயமான தாக்குதலிலிருந்து காப்பது பாவமன்று.

யாத்திராகமத்தின் 22ஆம் அதிகாரத்தில் ஒரு சட்டம் உண்டு. இரவிலே வீட்டை உடைத்து உட்புகும் கள்வன் அடிபட்டு இறந்தால், அடித்தவன் மேல் இரத்தப்பழி இல்லை. ஆனால் சூரியன் உதித்தபின் அவ்வாறு நேர்ந்தால் பழி உண்டு. ஏன் இந்த வேறுபாடு? இருளில், வந்தவன் களவுக்கு வந்தானா, கொலைக்கு வந்தானா என்று அறிய வழியில்லை. பகலிலோ ஆளைக் காணலாம், அயலவரைக் கூப்பிடலாம். ஆகவே அப்போது கள்வனின் உயிருக்கும் கணக்குக் கேட்கப்படும். பொருளைக் களவாட வந்தவனின் இரத்தமும் ஆண்டவர் முன் விலையுள்ளது என்பதை அக்காலத்திலேயே இச்சட்டம் கற்பித்தது.

புனித அகுஸ்தீனார் இவ்விடயத்தில் மிகவும் கண்டிப்பானவர். பப்ளிக்கோலா என்பவருக்கு எழுதிய மடலில், தான் சாகாதிருக்க வேண்டும் என்பதற்காகத் தனிமனிதன் ஒருவன் மற்றவனைக் கொல்வதை அவர் ஏற்கவில்லை. போர்வீரரையும், பொது அதிகாரத்தோடு கடமை செய்பவர்களையும் மாத்திரம் அவர் வேறாக வைத்தார். பதின்மூன்றாம் நூற்றாண்டில் புனித தோமஸ் அக்குவீனாஸ் இதே வார்த்தையை எடுத்து ஆராய்ந்து ஒரு விளக்கம் தந்தார். ஒரே செயலுக்கு இரண்டு விளைவுகள் இருக்கலாம். தற்காப்புச் செயலினால் என் உயிர் காக்கப்படுவது ஒன்று. தாக்க வந்தவன் உயிரிழப்பது மற்றொன்று. நான் நாடுவது முதலாவதாகவே இருக்க வேண்டும். அதற்குத் தேவையான அளவுக்கு மேல் வன்மை காட்டினால் என் செயல் நீதியற்றதாகிவிடும். மிதமான வன்மையால் தாக்குதலைத் தடுப்பதோ நியாயமானது.

1992ஆம் ஆண்டில் வெளியான கத்தோலிக்க திருச்சபையின் மறைக்கல்வி நூல் இப்போதனையையே ஏற்று, 2263ஆம் எண் முதல் விளக்குகிறது. மற்றவர்களின் உயிருக்குப் பொறுப்பானவருக்குத் தற்காப்பு உரிமை மாத்திரமன்றிக் கடமையாகவும் அமையலாம் என்று 2265ஆம் எண் கூறுகிறது. குடும்பத் தலைவனுக்கு இது பொருந்தும்.

இவ்வளவோடு நிறுத்திவிட்டு, "திருச்சபையே அனுமதிக்கிறது, ஆகவே துவக்கு வாங்கலாம்" என்று முடிவுகட்டுவோர் உளர். இன்னும் சிறிது தூரம் வாசிக்க வேண்டும். அதே நூலின் 2269ஆம் எண், ஐந்தாம் கட்டளை வேறொன்றையும் விலக்குகிறது என்கிறது. தக்க பாரதூரமான காரணமின்றி ஒருவரைச் சாவின் ஆபத்துக்கு உட்படுத்துவதும் அக்கட்டளைக்கு மாறானதே. நாம் ஒருவரையும் கொல்ல எண்ணவில்லை. ஆயினும் சாவுக்கு ஏதுவான ஒன்றைக் கவனமின்றி ஒருவருக்கு எட்டும் இடத்தில் வைத்தோமானால், அதற்கும் கணக்குக் கொடுக்க வேண்டியவர்களாவோம்.

இன்றைய பாடம் முழுவதும் இவ்விடத்திலேயே தங்கியிருக்கிறது. "என்னைக் காக்க எனக்கு உரிமை உண்டா?" என்பதற்கு விடை கண்டுவிட்டோம். "நான் வைக்கும் ஆயுதம் யாருக்கு ஆபத்தாகும்?" என்பதே இனி நாம் கேட்க வேண்டிய கேள்வி.

இராயப்பரின் வாள்

ஆண்டவரின் சீடரிடமும் ஆயுதம் இருந்தது. இறுதி இராவுணவின்போது அவர்கள் இரண்டு வாள்களைக் காட்டினார்கள் என்று லூக்காஸ் 22ஆம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். சில மணி நேரத்துள் கெத்சமனித் தோட்டத்தில் பந்தங்களோடு கூட்டம் வந்தது. இருள், பயம், கோபம், கையருகே வாள்.

லூக்காஸ் எழுதியதைக் கவனமாகப் படியுங்கள். வாளால் வெட்டலாமா என்று சீடர் ஆண்டவரைக் கேட்கிறார்கள். அவர் விடை கூறுமுன்பே ஒருவர் வெட்டிவிடுகிறார். வெட்டியவர் இராயப்பர் என்றும், வெட்டுப்பட்டவன் பெயர் மால்குஸ் என்றும் அருளப்பர் 18ஆம் அதிகாரத்தில் அறிகிறோம். மால்குஸ் யார்? காட்டிக்கொடுத்த யூதாஸ் அல்லன். சூழ்ச்சி செய்த தலைமைக் குருவும் அல்லன். தலைவன் அனுப்ப வந்த ஓர் ஊழியன். ஆண்டவர் வாளை உறையிலிடச் சொல்லி, அந்த ஊழியனின் காதைத் தொட்டுக் குணப்படுத்தினார்.

இராயப்பரின் நோக்கத்தில் குறையில்லை. தம் ஆண்டவரைக் காக்கவே அவர் முனைந்தார். ஆனால் ஆயுதம் மிக அருகில் இருந்தபடியால், கேள்விக்கு விடை வருமுன்னரே கை முந்திக்கொண்டது. அடியும் பகைவன் மேல் விழவில்லை. வீட்டில் வைத்திருக்கும் துவக்கின் கதையும் பெரும்பாலும் இதுவே. அதன் சூடு வாங்கியவரைத் தொட்டுக் குணமாக்க நம் விரல்களுக்கோ வல்லமை இல்லை.

ஒரு வீட்டு வாசலில் நடந்தது

1992ஆம் ஆண்டு ஒக்டோபர் 17ஆம் திகதி. அமெரிக்காவின் லூசியானா மாநிலத்திலுள்ள பேட்டன் ரூஜ் நகரம். யப்பானிலிருந்து ஒரு வருடப் படிப்புக்காக வந்திருந்த பதினாறு வயது மாணவன் ஒருவன், தான் தங்கியிருந்த வீட்டுப் பையனோடு ஒரு விருந்துக்குப் புறப்பட்டான். சகல புனிதர் திருநாளுக்கு முந்திய இரவையொட்டி அந்நாட்டு இளைஞர் வேடமிட்டுக் கூடும் களியாட்டு விருந்து அது. வீட்டு இலக்கத்தை மாறிக்கொண்டு, அவர்கள் வேறொரு வீட்டின் மணியை அடித்துவிட்டார்கள்.

கதவைத் திறந்த இல்லத்தரசி, வேடமணிந்த இருவரைக் கண்டு மருண்டு கதவை அடைத்தார். துவக்கை எடுக்கும்படி கணவரிடம் கூறினார். கணவர் பெரிய றிவோல்வரோடு கதவைத் திறந்து, அசையாமல் நிற்கும்படி ஆங்கிலத்தில் உத்தரவிட்டார். ஆங்கிலம் சரியாகப் புரியாத அந்தப் பையன், விருந்துக்கு வந்திருப்பதாகச் சொல்லிக்கொண்டு முன்னே நடந்தான். ஒரே வெடி. பையன் இறந்தான். அவன் கையில் ஆயுதம் இருக்கவில்லை. புகைப்படக் கருவி ஒன்றே இருந்தது.

சுட்டவர் கொலைகாரரல்லர், தம் குடும்பத்தைக் காக்க எண்ணிய சாதாரணக் குடும்பஸ்தர். 1993இல் யூரிமார் அவரைக் குற்றவாளியல்லர் என்று விடுவித்தனர். 1994இல் நட்டஈட்டு வழக்கை விசாரித்த நீதிபதியோ, சுடுவதற்கு நியாயம் இருக்கவில்லை எனக் கண்டு, பெற்றோருக்கு ஆறரை இலட்சம் டொலருக்கு மேல் செலுத்தும்படி தீர்ப்பளித்தார். அந்த நேரத்தில் தாம் சிந்திக்கவே இல்லை என்று இல்லத்தரசி பின்னர் சாட்சியத்தில் வருந்திக் கூறினார். கதவு அடைக்கப்பட்டிருந்தது, தொலைபேசி வீட்டுக்குள் இருந்தது. பொலிசாரை அழைத்திருக்கலாம். துவக்கு மாத்திரம் அருகில் இல்லாதிருந்தால் அதைத்தான் செய்திருப்பார்கள்.

இறந்த மாணவனின் பெற்றோர் பழிவாங்க எண்ணவில்லை. வீடுகளில் துவக்கு வைக்கும் வழக்கத்தை அமெரிக்கர் கைவிட வேண்டும் என்று தம் நாட்டில் கையொப்பம் திரட்டினார்கள். பதினேழு இலட்சம் யப்பானியர் ஒப்பமிட்ட அந்த மனுவை 1993 நவம்பரில் ஜனாதிபதி கிளிண்டனிடம் நேரிலே கையளித்தார்கள். மகனை இழந்த துயரத்தை மற்றவர் பிள்ளைகளைக் காக்கும் பணியாக மாற்றிய அந்தப் பெற்றோரின் முன், கிறீஸ்தவர்களாகிய நாமும் தலைவணங்க வேண்டும்.

துவக்கு யாருக்கு அருகில் இருக்கிறது?

இது ஒரு தனிச் சம்பவம் என்று நீங்கள் சொல்லலாம். ஆகவே கணக்கைப் பார்ப்போம்.

சியாட்டில் நகரம் அமைந்துள்ள மாவட்டத்தில், 1978 முதல் 1983 வரை, துவக்கு வைத்திருந்த வீட்டுக்குள்ளேயே துவக்கினால் நிகழ்ந்த மரணங்களை இரு வைத்தியர்கள் ஆராய்ந்து 1986இல் வெளியிட்டனர். மொத்த மரணங்கள் 398. இவற்றில் தற்காப்புக்காகச் சுட்டதால் நேர்ந்தவை 9 மாத்திரமே. தவறுதலாக வெடித்து இறந்தோர் 12 பேர். குற்றமான கொலைகள் 41. மீதி ஏறக்குறைய அனைத்தும், அதாவது 333, தம் உயிரைத் தாமே போக்கிக்கொண்டவர்களின் மரணங்கள்.

இந்தக் கணக்கில் ஒரு குறை உண்டு என்பதை நேர்மையாகச் சொல்ல வேண்டும். துவக்கைக் காட்டியதால் கள்வன் ஓடிப்போன சம்பவங்கள் இதில் இல்லை. மரணங்கள் மாத்திரமே எண்ணப்பட்டன. அப்படிக் காக்கப்பட்ட வீடுகளும் இருக்கவே செய்யும். ஆனால் பிற்காலத்தில் மிகப் பெரிய அளவில் நடந்த ஆராய்ச்சியும் அதே பக்கத்தையே காட்டியது. கலிபோர்ணியாவில் இரண்டரைக் கோடிக்கு மேற்பட்டோரைப் பன்னிரண்டு ஆண்டுகள் தொடர்ந்து அவதானித்து 2020இல் வெளியான ஆய்வு அது. கைத்துப்பாக்கி உடைமையாளரான ஆண்கள் தற்கொலையால் இறக்கும் வீதம், அது இல்லாத ஆண்களின் வீதத்தைப் போல மூன்று மடங்குக்கு மேல். பெண்களிடையே ஏழு மடங்கு. அதே ஆய்வாளர்கள் 2022இல் மற்றொன்றையும் வெளியிட்டனர். துப்பாக்கி வைத்திருப்பவரோடு ஒரே வீட்டில் வாழ்பவர்கள் கொலையுண்ணும் வீதம், துப்பாக்கியில்லாத வீட்டாரைவிட இருமடங்குக்கு மேலாய் இருந்தது. தன் வாழ்க்கைத் துணையாலேயே சுடப்பட்டு இறக்கும் வீதமோ ஏழு மடங்கு. அவ்வாறு இறந்தவர்களில் மிகப் பெரும்பாலானோர் பெண்கள்.

இதன் பொருள் என்ன? கள்வன் என்றோ ஒருநாள் வரலாம், வராமலும் இருக்கலாம். ஆனால் துவக்கு இருக்கும் வீட்டில் ஒவ்வொரு நாளும் இருப்பவர்கள் யார்? கடனால் மனமுடைந்த தகப்பன். பரீட்சையிலோ காதலிலோ தோற்ற மகன். குடித்துவிட்டு வரும் சகோதரன். சண்டையிட்டுக்கொள்ளும் கணவனும் மனைவியும். எதையும் திறந்து பார்க்கும் சிறுபிள்ளை. பிந்திய இரவில் பின்கதவால் மெதுவாக நுழையும் சொந்தப் பிள்ளை. கள்வனுக்கென்று வைத்த துவக்கு, உண்மையில் இவர்கள் அனைவருக்கும் கையெட்டும் தூரத்தில் இருக்கிறது.

"பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறோம், தொடமாட்டார்கள்" என்று பெற்றோர் நம்புவார்கள். அமெரிக்காவில் 2001இல் வெளியான ஓர் ஆய்வைக் கேளுங்கள். எட்டு முதல் பன்னிரண்டு வயதுக்குட்பட்ட 64 ஆண்பிள்ளைகளை 29 சிறு குழுக்களாக ஓர் அறையில் விளையாட விட்டார்கள். அங்கிருந்த லாச்சி ஒன்றில், வெடிக்காதபடி செய்த உண்மையான கைத்துப்பாக்கி ஒன்று வைக்கப்பட்டிருந்தது. 21 குழுக்கள் அதைக் கண்டெடுத்தன. அவற்றில் 16 குழுக்கள் கையிலெடுத்தன. 10 குழுக்களில் ஒரு பிள்ளையாவது விசையை அழுத்தியே விட்டது. கையிலெடுத்த பிள்ளைகளில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேற்பட்டோர், துப்பாக்கியைத் தொடலாகாது என்ற பாதுகாப்புப் போதனையை முன்பே பெற்றவர்கள்!

பிள்ளைகளைக் குறைகூறிப் பயனில்லை. ஆர்வம் பிள்ளையின் இயல்பு. எட்டாத இடத்தில் வைப்பது பெரியவர்களின் கடமை.

நம் நாடு கற்ற பாடம்

"சாக நினைத்தவன் எப்படியும் சாவான், துவக்கு இல்லாவிட்டால் வேறு வழி தேடுவான்" என்று சிலர் வாதாடுவார்கள். இது தவறு என்பதற்கு உலகம் எடுத்துக்காட்டும் நாடு எது தெரியுமா? நம் இலங்கையே.

1995ஆம் ஆண்டளவில் தற்கொலை வீதத்தில் உலகின் மிக உயர்ந்த இடங்களில் ஒன்றில் நம் நாடு இருந்தது. இலட்சம் பேருக்கு ஏறக்குறைய 47 பேர் ஆண்டுதோறும் அவ்வாறு இறந்தனர். வீடுகளிற் சாதாரணமாகக் கிடந்த கொடிய பூச்சிகொல்லிகளே பெருங் காரணம். அக்காலம் முதல் அரசு மிக நச்சான மருந்துகளை ஒவ்வொன்றாகத் தடைசெய்து வந்தது. போரும் வறுமையும் குடும்பத் துயரங்களும் ஒழிந்துவிடவில்லை. ஆயினும் அடுத்த இருபது ஆண்டுகளில் தற்கொலை வீதம் மூன்றிலொரு பங்குக்குக் கிட்ட இறங்கிற்று. ஆயிரமாயிரம் உயிர்கள் தப்பின.

காரணம் எளிது. மனமுடைந்தவரின் மிகக் கொடிய நேரம் பெரும்பாலும் குறுகியது. சில சமயம் சில நிமிடங்களே. அந்த நிமிடங்களில் சாவுக்கேதுவானது கையில் அகப்படாவிட்டால், பெரும்பாலோர் அதைக் கடந்து பிழைத்துக்கொள்கிறார்கள். பின்னர் வாழவே விரும்புகிறார்கள். துவக்கோ இரண்டாம் எண்ணத்துக்கு இடம் தராத கருவி.

தம் உயிரைப் போக்கிக்கொண்டவர்களைத் திருச்சபை தீர்ப்பிடுவதில்லை. கடும் மனநோயும் வேதனையும் அவர்களின் பொறுப்பைக் குறைக்கலாம் என்று கற்பித்து, அவர்களுக்காக மன்றாடுகிறது. அத்தகைய வேதனையுள்ள ஒருவர் உங்கள் வீட்டில் இருந்தால், அவரோடு கூட இருங்கள். வைத்தியரிடம் அழைத்துச் செல்லுங்கள். 1926 என்ற தேசிய மனநலத் தொலைபேசி இலக்கத்தையும் அழைக்கலாம். ஆபத்தான பொருட்கள் யாவற்றையும் வீட்டிலிருந்து அகற்றுங்கள்.

பூட்டினால் உதவாது, பூட்டாவிட்டால் ஆபத்து

இவ்விடத்தில் ஒருவர், "பாதுகாப்பாகப் பூட்டி வைத்தால் போதாதா?" என்று கேட்பார். நல்ல கேள்வி. ரவைகளைக் கழற்றி வேறிடத்தில் வைத்து, துவக்கை அலுமாரியிற் பூட்டி, திறப்பை ஒளித்து வைத்தால் பிள்ளைகளுக்கு ஆபத்துக் குறையும், இதில் ஐயமில்லை. ஆனால் நள்ளிரவில் கள்வன் கதவை உடைக்கும்போது அது உடனே கைக்கு வராது. உடனே கைக்கு வரவேண்டுமென்று ரவையேற்றித் தலைமாட்டில் வைத்தாலோ, அது எல்லாருடைய கைக்கும் வரும். பாதுகாப்பாக வைத்தால் தற்காப்புக்கு உதவாது. தற்காப்புக்கென வைத்தால் பாதுகாப்பு இல்லை.

இந்த இக்கட்டு அமெரிக்க உயர் நீதிமன்றம் வரை சென்றது. தலைநகர் வாஷிங்டனில் கைத்துப்பாக்கிகளைத் தடைசெய்தும், வீட்டிலுள்ள துவக்குகளை ரவையின்றிப் பாகம் பாகமாகக் கழற்றியோ விசைப்பூட்டிட்டோ வைக்கும்படி விதித்தும் சட்டம் இருந்தது. 2008இல் ஐந்து நீதிபதிகள் ஒருபுறமும் நால்வர் மறுபுறமுமாக நின்ற தீர்ப்பில், வீட்டில் தற்காப்புக்காகத் துப்பாக்கி வைத்திருப்பது அரசியலமைப்பு தரும் உரிமை என்று கூறி நீதிமன்றம் அச்சட்டத்தை நீக்கியது. சட்டம் ஒன்றை அனுமதிப்பதால் அது விவேகமாகிவிடாது. "எல்லாம் செய்ய உரிமை உண்டு" என்றவர்களுக்கு, எல்லாம் நன்மை பயக்காது என்று புனித சின்னப்பர் கொரிந்தியருக்கு எழுதியதை நினைவிற் கொள்வோம்.

மற்ற நாடுகள் வேறு வழி சென்றன. பிரித்தானியாவில், டன்பிளேன் பாடசாலையில் 1996இல் நடந்த படுகொலைக்குப் பின்னர், 1997இல் கைத்துப்பாக்கிகள் தடைசெய்யப்பட்டன. நம்மவர் பெருந்தொகையாக வாழும் கனடாவில் 2022 ஒக்டோபரில் கைத்துப்பாக்கிகளின் விற்பனையும் கைமாற்றமும் முடக்கப்பட்டன.

நம் நாட்டில் 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கத் துப்பாக்கிகள் கட்டளைச் சட்டப்படி, அனுமதிப்பத்திரம் இன்றித் துவக்கு வைத்திருப்பது குற்றம். யானை, பன்றி முதலியவற்றிலிருந்து பயிரைக் காக்கக் கமக்காரருக்கும், தக்க காரணம் காட்டும் சிலருக்குத் தற்பாதுகாப்புக்கும் அனுமதி உண்டு. தற்பாதுகாப்புக்கென வழங்கிய துப்பாக்கிகளை 2024ஆம் ஆண்டின் இறுதியில் பாதுகாப்பு அமைச்சு திருப்பி ஒப்படைக்கச் சொல்லி, ஒவ்வொருவருக்கும் உண்மையில் அது தேவையா என மீளாய்வு செய்யத் தொடங்கியது. நம் தண்டனைச் சட்டக்கோவையும் தற்காப்புரிமையை ஏற்கிறது. ஆனால் தேவைக்கு மிஞ்சிய தீங்கு செய்வதையும், பொலிசாரின் உதவியை நாட அவகாசம் இருந்தும் நாமே தண்டிப்பதையும் அது அனுமதிப்பதில்லை. புனித தோமஸ் அக்குவீனாஸ் கூறிய அளவும் மிதமும் சட்டத்திலும் இருப்பதைக் காண்கிறீர்கள்.

நாம் செய்ய வேண்டியவை

இதுவரை ஆராய்ந்ததிலிருந்து நாம் பெறும் முடிவு இது. உயிருக்கு நேரடியான, அசாதாரணமான ஆபத்து இருந்தாலன்றி, தற்காப்புக்கெனத் துவக்கைக் கையெட்டும் தூரத்தில் வைப்பது, காக்க வேண்டியவர்களையே ஆபத்துக்கு உட்படுத்துவதாகும். ஆகவே விவேகமுள்ள கிறீஸ்தவக் குடும்பம் அதனைத் தவிர்ப்பதே சிறந்தது.

அப்படியாயின் கள்வர் பயத்துக்கு என்ன செய்வது? வீண் போதனை பேசி முதியவர்களைத் தனியே விட்டுவிடலாகாது. பின்வருவனவற்றைக் கவனியுங்கள்.

முதலாவது, கதவு, யன்னல்களுக்கு உறுதியான தாழ்ப்பாளும் முற்றத்தில் வெளிச்சமும் இருக்கட்டும். பெருந்தொகைப் பணத்தையும் நகைகளையும் வீட்டில் வைக்காதீர்கள். அவற்றைப் பற்றி ஊரெல்லாம் பேசாதீர்கள்.

இரண்டாவது, அரவம் கேட்டால் வெளியே பாயாதீர்கள். குடும்பத்தார் அனைவரும் ஓர் அறையிற் கூடிக் கதவைத் தாழிட்டு, 119 என்ற பொலிஸ் இலக்கத்தையும் அயலவரையும் அழையுங்கள். பொருள் போனால் திரும்பத் தேடலாம்.

மூன்றாவது, அயலவரோடு உறவாயிருங்கள். வேலிச் சண்டையால் பத்து வருடம் பேசாதிருக்கும் வீட்டார், நள்ளிரவில் கூப்பிட்டால் வருவார்களா? அயலவரோடு சமாதானமாவது ஆன்ம நன்மைக்கு மட்டுமல்ல, வீட்டுக் காவலுக்கும் உதவும். தனித்திருக்கும் முதியவர்களின் பட்டியலை அன்பியங்களும் வின்சென்ட் டி போல் சபையினரும் வைத்துக்கொண்டு, முறைவைத்துச் சென்று பார்ப்பது எவ்வளவு பெரிய புண்ணியம்!

நான்காவது, பயிர்காப்புக்கு அனுமதிபெற்ற துவக்கு உள்ள கமக்காரர், அதை ரவையின்றிப் பூட்டி வைக்கட்டும். ரவைகளை வேறிடத்தில் பூட்டட்டும். திறப்பு ஒருவரிடமே இருக்கட்டும். வீட்டில் குடியோ, கடும் சண்டையோ, மனச்சோர்வோ தலைகாட்டினால் அன்றைக்கே பொலிசாருடன் கதைத்து, துவக்கைச் சட்டப்படி வீட்டுக்கு வெளியே பாதுகாப்பில் வைக்க ஒழுங்கு செய்யட்டும். காட்டு விலங்குக்கெனக் கட்டுத்துவக்கு வைப்பது சட்டவிரோதம். விறகுக்குப் போகும் ஏழையையும் அது கொல்லும்.

ஐந்தாவது, போர்க்காலத்தில் விடப்பட்ட ஆயுதமோ வெடிபொருளோ வளவிலோ கிணற்றிலோ தென்பட்டால் தொடவேண்டாம், ஒளிக்கவேண்டாம். பிள்ளைகளைத் தூர விலக்கிவிட்டு உடனே அறிவியுங்கள்.

அன்பார்ந்தவர்களே, துவக்கின் சத்தம் எத்தகையது என்பதை நம் மக்களுக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. அந்தச் சத்தம் 2009உடன் ஓய்ந்ததற்கு நன்றி கூறும் நாம், அதைப் படுக்கையறைக்குள் மறுபடி அழைத்துவரலாமா? நம் வீட்டுச் சுவரில் திருஇருதயப் படம் தொங்குகிறது. அதன்முன் இரவுச் செபம் சொல்லுகிறோம். செபம் முடிந்து உறங்கப் போகும்போது, நம் தலைமாட்டில் எது இருக்க வேண்டும் என்பதைக் குடும்பமாகக் கூடித் தீர்மானிப்போமாக.

குடும்பமாகக் கலந்துரையாட

1. தற்காப்புக்கான உரிமைக்குத் திருச்சபை விதிக்கும் வரம்புகள் எவை?

2. இராயப்பர் விடைக்குக் காத்திராமல் வெட்டியதிலிருந்து, நம் கோபத்தைப் பற்றி நாம் கற்பது என்ன?

3. பூச்சிகொல்லி, மருந்து, கத்தி, துவக்கு ஆகியவற்றில் எவை நம் வீட்டில் சிறுபிள்ளைகளுக்கோ மனம் நொந்தவர்களுக்கோ எட்டும் இடத்தில் உள்ளன? இன்றைக்கே எதை அகற்றலாம்?

4. நம் ஒழுங்கையில் தனித்து வாழும் முதியவர் யார்? இந்த வாரம் நம்மில் யார் சென்று பார்ப்பது?

செபம்

ஆண்டவரே, இரவின் பயங்கரங்களிலிருந்து எங்கள் வீட்டைக் காத்தருளும். எங்கள் கோபத்திலிருந்தும் அவசரத்திலிருந்தும் எங்களையே காத்தருளும். எங்கள் கூரையின் கீழ் உறங்கும் ஒவ்வொருவரும் காலையில் ஒருவர் முகத்தை ஒருவர் காணும் வரம் தாரும். ஆமென்.